ஆழ்கடலின் ஒற்றைச் செல் பேருயிர்கள்: புதிய சிற்றினத்தை விவரிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

ஸீனோஃபையோஃபோர்கள் பற்றிக் கேள்விப்பட்டு, அவற்றை வகைப்படுத்தும் வேலைக்குள் வர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவை ஃபொராமினிஃபெரா என்னும், பெரும்பாலும் தமக்கென ஓடோ கூடோ கட்டும் ஒற்றைச் செல் உயிர்களின் பெரும் கூட்டத்தைச் சேர்ந்தவை. உடல் முழுவதும் ஒரே செல்தான். ஆனால் சில சிற்றினங்களில் அந்தச் செல் கட்டும் கூடு 20 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. உலகின் எல்லாப் பெருங்கடல்களின் ஆழத்திலும் இவை வாழ்கின்றன. 2011-இல் மரியானா அகழியில் 10.6 கிலோமீட்டர் ஆழத்திலும் கேமராவில் பதிவாகின. பசிபிக்கின் சில சமவெளிகளில், கண்ணுக்குத் தெரியும் அளவிலான உயிர்களில் இவையே அதிகம். இருந்தும் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பெயர் இல்லை.

பெயரிடும் வேலை கடினமானது, ஆனால் கற்றுக்கொள்ளக்கூடியது. தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: இங்கே எல்லாமே வரிசையில்தான் இருக்கிறது. கூடு தொட்டால் உதிரும். ஃபார்மலினில் இட்டால் வடிவம் நிற்கும், டி.என்.ஏ. போய்விடும். உடைத்துப் பார்த்தால் உள்ளமைப்பு தெரியும், முழு வடிவம் திரும்பாது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஏதோ ஒன்றை அழிக்கிறது. ஆகவே எதை முதலில் செய்வது என்று தெரிந்தவரே இந்த வேலையைச் செய்து முடிக்கிறார். திறமை அதற்குப் பிறகு வரட்டும்.

கையில் இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் பார்வையில் ஒரு ஸீனோஃபையோஃபோர் வெறும் மண்கட்டியாகத் தெரியும். அந்தத் தோற்றம் அதன் கட்டுமானத்தின் விளைவு. சுற்றிலும் கிடக்கும் மணல் துகள், கடற்பஞ்சின் முட்கள், ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் கண்ணாடிக் கூடுகள், பிற ஃபொராமினிஃபெராக்களின் ஓடுகள் ஆகியவற்றைச் சேர்த்து ஒட்டித் தன் வீட்டைக் கட்டுகிறது இந்தச் செல். கட்டிய வீட்டுக்குள் இரண்டு வகை இழைகள் ஓடும். இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகுவதே உங்கள் முதல் பாடம்.

வெளிர் மஞ்சளாகவோ வெண்மையாகவோ கிளைத்துச் செல்வது கிரானெல்லாரே. மெல்லிய கரிமக் குழாய். அதற்குள்தான் உயிர்ப்பொருள் இருக்கிறது. பல உட்கருக்களும், எண்ணற்ற மிக நுண்ணிய பேரைட் படிகங்களும் அதில் மிதக்கும். பேரைட் என்பது பேரியம் சல்ஃபேட். பெரும்பாலான சிற்றினங்களில் இந்தப் படிகங்கள் ஏராளமாக இருக்கும். சிலவற்றில் மிகக் குறைவு. அந்த வேறுபாட்டையே ஓர் அடையாளமாகக் குறிக்கலாம்.

கருமையான சரங்களாகத் தெரிவது ஸ்டெர்கோமாரே. செல் வெளியேற்றிய கழிவு, சிறு உருண்டைகளாகச் சேர்ந்து, ஒரு மெல்லிய உறைக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். மற்ற உயிர்கள் கழிவை விட்டு விலகிச் செல்லும். இது அதைத் தன் உடலமைப்பின் பெரும்பகுதியாகவே வைத்துக்கொள்கிறது. எவ்வளவு பெரும்பகுதி என்பதை 2018-இல் வெளியான ஒரு மைக்ரோ சிடி (எக்ஸ் கதிரால் உள்ளமைப்பை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் முறை) ஆய்வு எண்களில் காட்டியது. கிழக்குப் பசிபிக்கைச் சேர்ந்த சாமினா என்னும் பேரினத்தின் இரண்டு சிற்றினங்களில் கிரானெல்லாரே மொத்தக் கன அளவில் 2.8 முதல் 5.1 விழுக்காடு மட்டுமே. ஸ்டெர்கோமாரே 72 முதல் 82 விழுக்காடு. கலாத்தியாமினா என்னும் மற்றொரு பேரினத்தின் ஒரு சிற்றினத்தில் உயிர்ப்பகுதி 1.7 விழுக்காடுதான். நீங்கள் தட்டில் வைத்துப் பார்க்கும் உருவத்தில் உயிர் என்று சொல்லத்தக்கது அவ்வளவே. டி.என்.ஏ.வுக்குத் துண்டு எடுக்கும்போது இந்த எண்களை நினைவில் வையுங்கள்.

ஸ்டானோஃபில்லம் போன்ற சில பேரினங்களில் மூன்றாவதாக ஒன்று உண்டு. லினெல்லே எனப்படும் மெல்லிய கரிம நார்கள் கூடு முழுவதும் ஊடாடிக் கிடக்கும். அதனால் கூடு வளைந்து கொடுக்கும், இலை போல் மென்மையாக இருக்கும். நார் இருக்கிறதா இல்லையா என்பதே மரபான பாகுபாட்டில் முதல் கேள்வியாக இருந்துவந்தது. இன்றும் அதை முதலில் பார்ப்பது நல்லது.

வேலை கடலடியிலேயே தொடங்குகிறது

புதியவர்கள் பலரும் வகைப்பாடு ஆய்வகத்தில் நடப்பது என்று எண்ணுகிறார்கள். இந்த உயிர்களைப் பொறுத்தவரை முக்கியமான சான்றுகளில் பாதி, மாதிரியை எடுக்கும் முன்பே கிடைத்துவிட வேண்டும். எந்தப் பக்கம் மேலே இருந்தது? மண்ணில் நட்டிருந்ததா, பல்லுலோக முடிச்சின் (கடலடியில் கிடக்கும், உலோகங்கள் செறிந்த கட்டியின்) மேல் ஒட்டியிருந்ததா? தட்டு வடிவக் கூடு நிமிர்ந்து நின்றதா, கிடந்ததா? எவ்வளவு பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தது? மேலே வந்த பிறகு இவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எனவே தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கிக் கருவி கிடைத்தால், கை நீட்டுவதற்கு முன் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, அருகில் ஒன்று. அளவுக்கு, இணையாகப் பொருத்திய இரண்டு லேசர் புள்ளிகள் படத்தில் விழ வேண்டும். படத்தின் நேரம், ஆழம், ஆயத்தொலைவு ஆகியவை பின்னர் மாதிரியின் எண்ணோடு பொருந்த வேண்டும் என்பதால், கருவியை இயக்குபவரிடம் முதலிலேயே பேசி ஒரே எண் முறையை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

சேகரிக்கும் வழிகளில் எனக்கு விருப்பமானது, கருவியின் கையால் ஒரு குழாயை மாதிரியைச் சுற்றி மெல்ல அழுத்தி, அடியில் உள்ள மண்ணோடு சேர்த்து எடுப்பது. முடிச்சின் மேல் வளர்ந்தது என்றால் முடிச்சையே எடுத்துவிடலாம். கருவி இல்லாத பயணங்களில் கால் சதுர மீட்டர் தரையை அப்படியே பெயர்த்தெடுக்கும் பெட்டிதான் துணை. அது இறங்கும்போது முன்னால் தள்ளும் நீரலை இலேசான கூடுகளைச் சாய்த்துவிடும்; ஆனாலும் முழு மாதிரிகள் கிடைக்கின்றன. தரையை வாரிச் செல்லும் இழுவலையைத் தவிருங்கள். பழைய பயணங்களில் கிடைத்த பல சிற்றினங்கள் துண்டுகளாகவே விவரிக்கப்பட்டதற்கு அதுவே காரணம். அந்தத் துண்டுகளோடு நம் மாதிரிகளை ஒப்பிட நாம் இன்றுவரை போராடுகிறோம்.

ஒரு சிறு பழக்கம்: மாதிரி இருந்த அதே இடத்தின் மேல்மண்ணில் சிறிதளவு தனிக் குப்பியில் எடுத்து வையுங்கள். ஏன் என்பது பின்னால் தெரியும்.

மேல்தளத்துக்கு வந்ததும்

நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்தில் நீர் ஒன்றிரண்டு டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கிறது. மேற்பரப்பின் வெப்பத்தில் உயிர்ப்பொருள் விரைவில் சிதையும். ஆகவே குளிர்ந்த, வடிகட்டிய கடல்நீரும், நான்கு டிகிரி அளவில் வைத்த அறையும் மாதிரி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். மாதிரியை விரலாலோ இடுக்கியாலோ தூக்காதீர்கள். அகன்ற கரண்டியால் நீரோடு சேர்த்து ஏந்துங்கள். காற்றில் தூக்கும் அந்த ஒரு நொடியில் தன் எடையாலேயே உடையும் கூடுகள் உண்டு. 1883-இல் ஸ்காட்லாந்துக்கு அருகே கிடைத்த ஒன்றை விவரித்த ஹென்றி போமன் பிராடி அதற்குச் சைரிங்காமினா ஃப்ராஜிலிஸ்ஸிமா என்று பெயர் வைத்தார். மிக எளிதில் நொறுங்குவது என்று அதற்குப் பொருள். அதைக் கையாண்டவர் அனுபவித்துச் சூட்டிய பெயர் அது.

பிறகு வரிசை இதுதான். முதலில் படம்: நீருக்குள் வைத்தபடி, அளவுகோலோடு, எல்லாப் பக்கங்களிலிருந்தும், நிறம் மங்கும் முன். அடுத்து டி.என்.ஏ.வுக்கு ஒரு துண்டு. முழு வடிவத்தையும் குலைக்காத ஓர் ஓரத்திலிருந்து, உள்ளே வெளிர் இழை தெரிகிற இடமாகப் பார்த்து எடுங்கள். கருமையான சரம் மட்டும் உள்ள துண்டு வெறும் கழிவு. அதை அனுப்பி முடிவுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. துண்டை, மரபணுப் பொருள் சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ. லேட்டர் கரைசலிலோ உறைநிலையிலோ வைக்கலாம். முடிந்தால் இரண்டு துண்டுகள், இரண்டு குப்பிகள். எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் படத்தில் குறித்துவிடுங்கள்.

மீதி முழுவதும் போராக்ஸ் சேர்த்து அமிலத்தன்மை நீக்கிய ஃபார்மலினுக்குப் போகட்டும். அமிலத்தன்மை இருந்தால் கூட்டில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் கரைந்துவிடும். ஃபார்மலின் நச்சு, கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் திறக்காதீர்கள். குப்பியில் மாதிரி ஆடாதபடி கரைசல் விளிம்புவரை நிறைந்திருக்கட்டும். கப்பல் ஆடும்போது பாதி நிறைந்த குப்பிக்குள் வாரக்கணக்கில் அலைமோதும் கூடு, கரையை அடையும்போது வண்டலாகத்தான் வரும்.

ஒரே சிற்றினம் என்று தோன்றுகிற இரண்டு மாதிரிகள் கிடைத்தால் ஒன்றை முழுக்க வடிவத்துக்கும் மற்றொன்றை முழுக்க டி.என்.ஏ.வுக்கும் ஒதுக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். ஒன்று போலத் தோன்றுபவை வேறு வேறாக இருப்பது இந்தக் கூட்டத்தில் அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சான்றுகளும் வேண்டும்.

உயிருள்ளதா, வெறும் கூடா?

உயிர் போன பிறகும் கூடு நெடுங்காலம் தரையில் நிற்கும். அந்தக் கூட்டுக்குள் புழுக்கள், சிறு ஓட்டுடலிகள், பிற ஃபொராமினிஃபெராக்கள் குடியேறும். நத்தை மீன் வகையைச் சேர்ந்த சில மீன்களின் கருக்கள்கூட ஸீனோஃபையோஃபோர் கூடுகளுக்குள் வளர்வதை 2020-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே கூட்டுக்குள் ஏதோ அசைகிறது என்பதால் அந்தச் செல் உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. சிறு உடைப்பில், நுண்ணோக்கியின் கீழ், கிரானெல்லாரே இழை நிரம்பியிருக்கிறதா, வெறுமையாகச் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாயமேற்றிச் சோதிக்கும் பழைய முறையை இங்கே முழுதாக நம்ப முடியாது. ஆழத்தின் குளிரில் இறந்த உயிர்ப்பொருள் மெதுவாகவே அழிகிறது. அதுவும் சாயத்தை ஏற்கும்.

இறந்த கூட்டை வைத்துப் புதிய சிற்றினத்தை நிறுவ வேண்டாம் என்பது என் கருத்து. துணைச் சான்றாக மட்டும் பயன்படட்டும்.

வடிவத்தைப் படித்தல்

ஆய்வகத்தில் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இது. கூடு எந்த அடிப்படை வடிவில் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். குழாய்கள் கிளைத்துப் பின்னியவையா, வளைந்த தட்டுகள் வலைப்பின்னலாக இணைந்தவையா, ஒரே தட்டையா, அறைகள் தொடராகக் கோத்தவையா, உருண்டையா? தட்டாக இருந்தால் அதன் குறுக்குவெட்டு மிகவும் பேசும். சாமினாவில் மேலும் கீழும் இரண்டு தகடுகள், நடுவே இழைகள் ஓடும் வெளி. வெளியிலிருந்து அதே போலத் தோன்றும் வேறொன்றில் தகடே இல்லாமல் முழுவதும் ஒரே வலையாக இருக்கலாம்.

வெட்டுவதற்கு முன் மைக்ரோ சிடி எடுத்துவிடுங்கள். அந்த வசதி உங்களிடம் இல்லையென்றால் இருக்கும் ஆய்வகத்தை நாடுங்கள். காத்திருக்கும் மாதங்கள் வீண் அல்ல. பேரைட் படிகங்கள் அடர்த்தியானவை என்பதால் கிரானெல்லாரே படத்தில் பளிச்சென்று தெரியும், ஸ்டெர்கோமாரே மங்கலாகத் தெரியும். எதையும் உடைக்காமல் முழு இழைப்பின்னலையும் முப்பரிமாணத்தில் காணலாம். அதற்குப் பிறகுதான் கத்தி, அதற்கும் பிறகுதான் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி.

துகள்களைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வியைக் கைவிடாதீர்கள்: செல் தேர்ந்தெடுத்ததா, கிடைத்ததைக் கொண்டு கட்டியதா? பசிபிக்கில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் சுண்ணாம்பு ஓடுகள் பெரும்பாலும் கரைந்துவிடுவதால், அங்கே வாழும் உயிர்களின் கூடுகளில் அவற்றைக் காண்பது அரிது. அதைச் சிற்றினத்தின் பண்பாக எழுதினால் பிழை. அது இடத்தின் பண்பு. மாறாக, அபிஸ்ஸாலியா என்னும் பேரினம் ஏறத்தாழ முழுவதும் கடற்பஞ்சு முட்களாலேயே கூடு கட்டுகிறது. இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டால், நீங்கள் எடுத்து வைத்த மேல்மண் குப்பியைத் திறந்து ஒப்பிடுங்கள். சுற்றிலும் பலவகைத் துகள் கிடக்கையில் கூட்டில் ஒரே வகை இருந்தால் அது தேர்வு. அப்போது தயங்காமல் பண்பாக எழுதலாம்.

அளவுகள்: கூட்டின் நீள அகலம், தட்டின் தடிப்பு, குழாயின் விட்டம், கிரானெல்லாரே இழையின் விட்டம், கழிவு உருண்டைகளின் விட்டம், படிகங்களின் அளவு. ஒவ்வொன்றுக்கும் சிறுமம், பெருமம், எத்தனை முறை அளந்தீர்கள் என்பது. ஆனால் மொத்த அளவை மட்டும் வைத்து இரண்டு சிற்றினங்களைப் பிரிக்காதீர்கள். வட அட்லாண்டிக்கின் மடீரா சமவெளியில் பல மாதங்கள் தொடர்ந்து படமெடுத்த ஒரு கேமரா, ரெட்டிகுலாமினா கூடுகள் இரண்டு மூன்று நாட்கள் திடீரென வளர்ந்து, பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் வளராமல் நின்று, மீண்டும் வளர்வதைக் காட்டியது. அதன் முடிவு 1993-இல் வெளியானது. இப்படி விட்டுவிட்டு வளரும் உயிரில் சிறியதும் பெரியதும் ஒரே சிற்றினத்தின் வெவ்வேறு பருவங்களாகவே இருக்கலாம்.

டி.என்.ஏ. என்ன சொல்லும், என்ன சொல்லாது

இந்த உயிர்கள் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்ற குழப்பம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. பிராடி 1883-இலேயே தன் மாதிரியை ஃபொராமினிஃபெரா என்றார். ஆறு ஆண்டுகள் கழித்து எர்ன்ஸ்ட் ஹேக்கல், சாலஞ்சர் என்னும் பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலின் பயணத்தில் கிடைத்த சிலவற்றைக் கடற்பஞ்சுகள் என்று விவரித்தார். 1904-இல் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்ஸே இவற்றைத் தனிக்கூட்டமாக நிறுவினார். சைரிங்காமினா கார்பிகுலாவின் மரபணு வரிசை 2003-இல் வெளிவந்தபோதுதான், ஃபொராமினிஃபெராவுக்குள்ளேயே இவை அடங்கும் என்பது உறுதியானது.

வழக்கமாகப் படிக்கப்படுவது ரைபோசோமின் சிறு துணையலகுக்கான மரபணுவின் ஒரு துண்டு, ஏறத்தாழ ஆயிரம் எழுத்து நீளம். அந்தத் துண்டைத் தேடிப் பிடித்துப் பெருக்கப் பிரைமர்கள் என்னும் சிறு டி.என்.ஏ. இழைகள் வேண்டும். எல்லா உயிர்களுக்கும் பொதுவான பிரைமர்களைப் பயன்படுத்தினால் கூட்டுக்குள் குடியிருந்த புழுவின் வரிசைதான் அழகாக வந்து நிற்கும். ஃபொராமினிஃபெராக்களுக்கென்றே அமைத்த பிரைமர்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். அப்போதும் கூட்டின் மேல் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு ஃபொராமினிஃபெரா ஒன்று குறுக்கே வரலாம். ஆகவே ஒரே மாதிரியின் இரண்டு துண்டுகளிலிருந்து ஒரே வரிசை வருகிறதா என்று பார்ப்பது அவசியம்.

இன்னொரு சிக்கல்: ஒரே செல்லுக்குள்ளேயே இந்த மரபணுவின் படிகள் சற்று வேறுபடக்கூடும். நேரடியாகப் படித்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போது குளோனிங் செய்து, அதாவது ஒவ்வொரு படியையும் பாக்டீரியாவுக்குள் தனியே பெருக்கி, தனித்தனிப் படிகளாகப் படிக்க வேண்டும். ஒரு மாதிரிக்குள் காணும் வேறுபாட்டைவிட இரு மாதிரிகளுக்கிடையே உள்ள வேறுபாடு தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் அது உங்களுக்குச் சாதகமான சான்று.

வரிசை கிடைக்காமலும் போகும். அது அடிக்கடி நடக்கும். உயிர்ப்பொருள் மிகக் குறைவு என்பதை முன்பே பார்த்தோம். வடிவம் தெளிவாகத் தனித்திருந்தால் டி.என்.ஏ. இல்லாமலும் ஒரு சிற்றினத்தை நிறுவலாம். பெயரிடல் விதி அதை அனுமதிக்கிறது. வடிவ விவரிப்பு இல்லாத வெறும் வரிசையை நிறுவ முயல்வதைவிட அது எவ்வளவோ மேல். இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் படத்தைப் பார்த்துத்தானே அடையாளம் காணப் போகிறார்!

புதியதுதானா?

பேரினத்தைக் கண்டறிந்த பின், அதன் கீழ் இதுவரை விவரிக்கப்பட்ட எல்லாச் சிற்றினங்களின் மூல விவரிப்புகளையும் படியுங்கள். பின்னால் வந்த சுருக்கங்களை நம்பாதீர்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய ஷூல்ட்ஸேயைப் படிக்க அகராதியோடு உட்கார வேண்டியிருக்கும், உட்காருங்கள். ஓலே டெண்டால் 1972-இல் வெளியிட்ட தொகுப்பு அதுவரையான எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது; அங்கிருந்து பின்னோக்கிச் செல்வது எளிது. உலக ஃபொராமினிஃபெரா தரவுத்தளம் பெயர்களின் பட்டியலைத் தருகிறது. அது எங்கே தேடுவது என்பதற்கான வாசல் மட்டுமே.

இந்த உழைப்பைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. ஹேக்கல் 1889-இல் கடற்பஞ்சு என்று எண்ணி ஸ்டானோஃபில்லம் ஜோனேரியம் என்று பெயரிட்ட அதே உயிரை, 1892-இல் ஆக்செல் கோயஸ் விசித்திரமான ஃபொராமினிஃபெரா என்று நியூசினா அகஸ்ஸிஸி என்ற பெயரில் விவரித்தார். எந்தக் கூட்டம் என்பதில் கோயஸ்தான் சரி. ஆனால் முந்திய பெயரே நிலைக்கும் என்பது விதி என்பதால் ஹேக்கலின் பெயரே இன்றும் வழங்குகிறது.

முடிந்தால் அருங்காட்சியகத்தில் உள்ள மூலமாதிரிகளின் (ஒரு சிற்றினப் பெயருக்கு ஆதாரமாக நியமித்த மாதிரிகளின்) படங்களைக் கேட்டு வாங்குங்கள். காப்பாளர்கள் பெரும்பாலும் உதவுகிறார்கள். கேட்கும்போது எந்தப் பண்பைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எல்லாம் ஒப்பிட்ட பிறகும் ஐயம் தீரவில்லை என்றால், பெயரிடாமல் "சாமினா சிற்றினம் 1" என்று எண் கொடுத்து, படத்தோடும் அளவுகளோடும் வெளியிடுங்கள். இதைத் தோல்வியாக எண்ணும் மாணவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எண்ணிட்ட சிற்றினத்தை நாளை இன்னொரு மாதிரி கொண்டு யாரும் உறுதிப்படுத்தலாம். அவசரமாக இட்ட பெயரை நீக்குவதற்கோ ஒரு தலைமுறை ஆகும். ஒரே ஒரு மாதிரிதான் இருக்கிறது என்றால்? வடிவம், டி.என்.ஏ. இரண்டும் ஒரே திசையில் கைகாட்டினால் பெயரிடுங்கள். ஆழ்கடலில் இரண்டாவது மாதிரி எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பெயரும் விதிகளும்

ஃபொராமினிஃபெராக்கள் விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் கீழ் வருகின்றன. 1999-க்குப் பிறகு வெளியாகும் பெயர் செல்லுபடியாகச் சில கட்டாயங்கள் உண்டு. புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் தர வேண்டும். மூலமாதிரி எது, அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்று குறிக்க வேண்டும். புதிய பேரினமும் நிறுவினால் அதன் மாதிரிச் சிற்றினத்தை (அந்தப் பேரினப் பெயருக்கு ஆதாரமாகும் சிற்றினத்தை) நியமிக்க வேண்டும். மின்வடிவில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால், வெளியாகும் முன்பே கட்டுரையை ஸூபேங்க் என்னும், விலங்கியல் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில் பதிந்து, பதிவுச் சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். கடைசியில் சொன்னதை மறப்பவர்கள் அதிகம். மறந்தால் பெயர் செல்லாது.

பெயர் லத்தீன் எழுத்துகளில் அமையும். பெயரடை என்றால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். சைரிங்காமினா பெண்பால், ஆகவே ஃப்ராஜிலிஸ்ஸிமா. ஸ்டானோஃபில்லம் அஃறிணைப்பால், ஆகவே ஜோனேரியம். மூலச்சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். 2020-இல் பசிபிக்கின் மேற்குக் கிளாரியன் கிளிப்பர்டன் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட மோவனாமினா என்ற பேரினப் பெயர், கடலைக் குறிக்கும் ஹவாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அதன் சிற்றினப் பெயரான செமிசர்குலாரிஸ், விசிறியாக விரியும் அரைவட்ட வடிவத்தைச் சொல்கிறது. எனக்கு வடிவத்தைச் சொல்லும் பெயர்களே பிடிக்கும். பெயரைக் கேட்டதும் உருவம் கண்முன் வந்துவிடுகிறது. உங்கள் பெயரையே சூட்டிக்கொள்வது வழக்கமில்லை. தேர்ந்த பெயர் அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே இல்லை என்பதைத் தரவுத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

எழுதும்போது

கட்டுரையின் பகுதிகள் பெரும்பாலும் நிலையானவை: பெயர், பதிவு எண், பெயர்க்காரணம், இனங்காண் குறிப்பு, மாதிரிகளின் பட்டியல், விவரிப்பு, மூலக்கூறு விவரம், ஒப்பீடு. இவற்றில் புதியவர்கள் தடுமாறுவது இனங்காண் குறிப்பில். அது விவரிப்பின் சுருக்கம் அல்ல. இந்தச் சிற்றினத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிக்கும் பண்புகளின் சேர்க்கை மட்டுமே. "கூடு அழகிய விசிறி வடிவம், நிறம் சாம்பல், மிகவும் மெலிந்தது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "கூடு ஒற்றைத் தட்டு, காம்புடையது, தட்டில் தனித்தனித் தகடுகள் இல்லை, துகள்களில் கடற்பஞ்சு முட்கள் மேலோங்கியிருக்கும், கிரானெல்லாரே தட்டின் அடியிலிருந்து விளிம்பை நோக்கிக் கிளைக்கும்" என்று எழுதினால், கையில் மாதிரி வைத்திருப்பவர் ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

விவரிப்பில் மாதிரிக்கு மாதிரி உள்ள வேறுபாட்டை மறைக்காதீர்கள். மூலமாதிரியில் காம்பு இருந்து, அதனோடு சேர்த்து விவரிக்கும் துணைமாதிரியில் இல்லாவிட்டால், அது உடைந்ததா இயல்பா என்று நீங்கள் கருதுவதைக் காரணத்தோடு எழுதுங்கள். உடைந்த விளிம்பைப் படத்தில் அம்புக்குறியால் காட்டுங்கள். ஒப்பீட்டுப் பகுதியில், மிக நெருங்கிய சிற்றினத்தோடு எந்தெந்தப் பண்பில் ஒன்றுகிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு பிறகு வேறுபாட்டுக்குச் செல்லுங்கள். மதிப்பீட்டாளர் எழுப்பப்போகும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மூலமாதிரியை வெளியீட்டுக்கு முன்பே அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து எண் பெறுங்கள். டி.என்.ஏ. எடுத்த துண்டின் மிச்சம், சிடி கோப்பு, மரபணு வரிசையின் பதிவெண் எல்லாம் அதே மாதிரி எண்ணோடு இணைந்திருக்கட்டும்.

வெளியான பிறகு ஒரு வேலை மீதமிருக்கிறது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடைப்பட்ட கிளாரியன் கிளிப்பர்டன் பகுதியில் பல்லுலோக முடிச்சுகளை ஆராய, சர்வதேசக் கடற்படுகை ஆணையம் ஒப்பந்தங்கள் வழங்கியிருக்கிறது. இந்த உயிர்களில் பல வாழ்வது அந்த முடிச்சுகளின் மேலேயே. சுரங்கம் தொடங்கினால் முடிச்சோடு சேர்ந்து அவையும் போகும். அங்கே எது எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுபவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்தே எண்ணுகிறார்கள். பெயரில்லாதது கணக்கில் வருவது கடினம். ஆகவே உங்கள் சிற்றினம் கடலடியில் எப்படித் தெரியும் என்று காட்டும் படங்களை, மாதிரி எண்ணோடு, படங்களில் உயிர்களை அடையாளமிடும் குழுக்களுக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: படத்திலேயே உறுதியாக அறியக்கூடிய பண்புகள் எவை, எந்தச் சிற்றினத்தோடு குழம்பக்கூடும், எந்த நிலையில் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.